அம்மாவுக்குப் புத்தகம் வாங்கிய சனிக்கிழமை

எங்கள் அம்மா கல்லூரியில் சேர்ந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். "ஒங்கம்மா டீச்சரா?" என்று கேட்பார்கள். "இல்ல, ஸ்டூடண்ட்" என்பேன். சொல்லும்போதே முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

கணிதத்தில் பட்டம் வாங்கிய கையோடு கல்யாணமாகி அறந்தாங்கிக்கு வந்தவள் அம்மா. அப்பா துபாயில் இருந்தார். நான் தனியாகப் பள்ளிக்கூடம் போய்வரப் பழகியதும், அப்பாவிடம் போனிலேயே பேசிச் சம்மதம் வாங்கி, புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் எம்.சி.ஏ. சேர்ந்துவிட்டாள். காலையில் எனக்கு ஒரு டிபன் பாக்ஸ், அவளுக்கு ஒரு டிபன் பாக்ஸ். வகுப்பில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்களாம்.

டேட்டா ஸ்ட்ரக்சர் பாடம் வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கம்ப்யூட்டருக்குள் விவரங்களை எப்படி வைப்பது, எப்படிச் சேர்ப்பது, எப்படி எடுப்பது என்பதைச் சொல்லும் பாடம் அது. சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்த சித்தப்பா, தான் படித்த புத்தகத்தையே கொண்டுவந்து கொடுத்தார். "இத முடிச்சிட்டீங்கன்னா வேற எதுவும் வேணாம் அண்ணி" என்றார். தலையணை உயரம் இருந்தது அது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் அகராதியைப் புரட்டினாள். முதல் இன்டர்னல் தேர்வில் வகுப்பிலேயே அவள்தான் கடைசி.

அப்பா போனில் அன்பாகத்தான் சொன்னார்: "முடியலைன்னா விட்டுரு. யாரு கேக்கப் போறா?"

"பாப்போம்ங்க" என்றாள் அம்மா. அந்தச் சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

புத்தகக் கடைக்காரர் என்னைப் பார்த்துக் குனிந்து, "பாப்பா என்ன கிளாஸ்?" என்றார்.

"அவ அஞ்சாவது. புத்தகம் எனக்குங்க, எம்.சி.ஏ. டேட்டா ஸ்ட்ரக்சர்" என்றாள் அம்மா.

அவர் ஒருமுறை அவளைப் பார்த்தார். பிறகு ஏணியில் ஏறி மூன்று புத்தகங்களை எடுத்துப் போட்டார். அம்மா விலையையும் பார்க்கவில்லை, எழுதியவர் யாரென்றும் பார்க்கவில்லை. மூன்றிலும் ஒரே பாடத்தைத் தேடி எடுத்தாள். லிங்க்டு லிஸ்ட், அதாவது விவரங்களைச் சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோத்து வைப்பது. தேர்வில் அவளைக் கவிழ்த்த பாடம் அதுதான். முதல் புத்தகத்தை நின்றபடியே படித்தாள். கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். அவள் காதில் விழவில்லை. படித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"இங்க பாரு. பிள்ளைக வரிசையா நிக்கிறாங்க. எல்லாருக்கும் கண்ணக் கட்டியிருக்கு. டீச்சர் மொதப் பிள்ளை கையப் பிடிச்சிருக்காங்க. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு அடுத்த பிள்ளை கையப் பிடிச்சிருக்கு. நடுவுல ஒருத்தன வெளிய அனுப்பணும். என்ன செய்வே?"

"கைய விடச் சொல்லுவேன்."

"விட்டா, அவனுக்கு அங்கிட்டு நிக்கிறவங்க எங்கன்னே தெரியாமப் போயிருமே. மொதல்ல முன்னாடி உள்ளவன் அவனத் தாண்டி அடுத்தவன் கையப் பிடிச்சுக்கணும். அதுக்கப்புறந்தான் அவன விடணும்."

எனக்குப் புரிந்தது. புரிந்த உற்சாகத்தில், "அப்ப மொதப் பிள்ளையே வெளிய போகணும்னா? அதுக்கு முன்னாடி யாரும் இல்லையே?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. "டீச்சர் கைதான்டி அடுத்த பிள்ளைக்கு மாறணும்!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். உடனே அந்தக் கேள்விக்கு மூன்று புத்தகங்களிலும் விடை தேடினாள். ஒன்றில் ஒரே வரியில் முடித்திருந்தார்கள். இன்னொன்றில் அதைப் பயிற்சிக் கணக்காக வாசகரிடமே விட்டிருந்தார்கள். மூன்றாவது, மட்டமான தாளில் அச்சான ஒல்லிப் புத்தகம். அதில் அதற்கென்று தனியாக ஒரு பக்கம், படத்தோடு இருந்தது.

"அது டிப்ளமோ பசங்க வாங்குறதும்மா. எம்.சி.ஏ.வுக்கு இந்தப் பெருசத்தான் எல்லாரும் எடுப்பாங்க" என்றார் கடைக்காரர்.

"எனக்கு இதுதாங்க வேணும்."

திரும்பும்போது பஸ்ஸில் அவள் தலையே நிமிரவில்லை. அறந்தாங்கியில் எல்லாரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து, "அக்கா, வண்டி திரும்பப் புதுக்கோட்டைக்குத்தான் போகுது. வாரீங்களா?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தாள்.

அந்த செமஸ்டரில் அந்தப் பாடத்தில் அம்மா வகுப்பில் இரண்டாவதாக வந்தாள். அப்பா துபாயில் தன் அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தாராம். தீபாவளிக்கு வந்த சித்தப்பா அந்த ஒல்லிப் புத்தகத்தைச் சிரித்துக்கொண்டே கையில் எடுத்தார். சாப்பிடக் கூப்பிடும்வரை கீழே வைக்கவில்லை. "நான் படிக்கிறப்ப இத யாராச்சும் குடுத்திருக்கலாம் அண்ணி" என்றார். மறு வருடம் அம்மா அவருடைய தலையணைப் புத்தகத்தையும் முழுதாகப் படித்து முடித்தாள். அதுவும் நல்ல புத்தகம்தான், இரண்டாவதாகப் படித்தால், என்பது அவள் தீர்ப்பு.

அம்மாவுக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான்தான் என்று பல வருடங்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா ஒருநாளும் மறுத்ததில்லை. பொறியியல் கல்லூரியில் எனக்கும் அதே பாடம் வந்தபோது, அந்த ஒல்லிப் புத்தகத்தில் கண்ணைக் கட்டிய பிள்ளைகளைத் தேடினேன். பெட்டிகளும் அம்புக்குறிகளும்தான் இருந்தன. சித்தப்பாவின் புத்தகத்திலும் அவர்கள் இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"அது புத்தகத்துல ஏதுடி? ஒனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நானாச் சொன்னது" என்றாள். பின்னால் ஒரே சத்தம். "பிள்ளைக கிளாஸ்ல ஒக்காந்திருக்காங்க, வச்சிடுறேன்." அப்போது அவள் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அம்மா புத்தகத்தைத்தான் எனக்குப் படித்துச் சொல்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அந்தக் கடையில், என் கண் முன்னாலேயே, அவளுக்கு அந்தப் பாடம் பிடிபட்டுவிட்டது என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியவில்லை.