வேலி உயரமும் ப்ரெபெனின் ஞாபகமும்

ஆல்போர்க் நகர ஓரத்தில், ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் பயிரிடும் நாற்பத்திரண்டு குட்டித் தோட்டங்கள் கொண்ட சங்கத்துக்குப் பதினாலு வருஷமாக ப்ரெபென் ஹோல்ம்கோர்தான் தலைவர். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். "இது போன கூட்டத்துலேயே முடிவானது" என்பதுதான் அவருடைய ஒரே ஆயுதம். யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஆகவே முடிவாகிவிடும்.

கூட்டங்களில் குறிப்பெழுதி வந்த கிர்ஸ்டன் சலித்துப்போய் விலகியதும், மடிக்கணினியில் இருந்த ஏஐ உதவியாளரை அந்த வேலைக்கு வைத்தார். அது அன்றன்று பேசியதை அன்றன்றே மறக்கும் ரகம். அவருக்கு அது சரிப்படவில்லை. சொன்னதையெல்லாம் சேமித்து நிரந்தரமாக நினைவில் வைத்துக்கொள்ளும்படி மாற்றியமைத்தார். இனி எவர் வாயைத் திறந்தாலும் சாட்சியோடு அடைக்கலாம் என்று பூரிப்பு.

குளிர்காலம் முழுக்க அதனிடம் பேசினார். சங்க விவகாரத்தோடு நிற்கவில்லை. மனைவி காதில் வாங்க மறுத்த புலம்பலையெல்லாம் அது பொறுமையாகக் கேட்டது. அப்படியொரு காது கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

ஏப்ரலில் ஆண்டுக் கூட்டம். பதினேழாம் தோட்டத்து இங்கெர்-லீஸ் எழுந்தார். செடிவேலி ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாதென்று தலைவர் சொல்கிறாரே, அது எந்தக் கூட்டத்தில் முடிவானது என்று கேட்டார்.

"என்னை ஏன் கேக்குற? இதையே கேளு," என்று ப்ரெபென் கணினியை நடுமேசையில் வைத்து ஒலியைக் கூட்டினார்.

"அப்படி ஒரு முடிவு பதிவுல இல்ல," என்றது அது. "பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி நீங்க சொன்னது: விதியெல்லாம் ஒண்ணும் கிடையாது, அவ வேலி என் தக்காளிக்கு வெயில மறைக்குது, கூட்டத்துல முடிவானதுன்னு சொன்னா நம்பிடுவா."

சிரிப்பு அடங்க நேரமானது. ப்ரெபெனின் காதுமடல் சிவந்தது. இங்கெர்-லீஸுக்கோ ருசி கண்டுவிட்டது.

"இன்னும் என்னென்ன வச்சிருக்க? எல்லாத்தையும் சொல்லு."

அது சொல்லத் தொடங்கியது. நாலாம் தோட்டத்து யெஸ்பர் அனுமதியில்லாமல் கட்டிய கழிப்பறை. இருபத்தொன்பதாம் தோட்டத்தில் தடையை மீறிக் குளிர்காலத்திலும் குடியிருக்கும் தம்பதி. பதினேழாம் தோட்டத்து இங்கெர்-லீஸ் பொதுக் குழாயிலிருந்து ரகசியமாக இழுத்த...

"போதும்," என்றார் இங்கெர்-லீஸ்.

நினைவு முழுவதையும் அழிக்க வேண்டுமென்று யெஸ்பர் முன்மொழிந்தார். பொதுக் கொட்டகைக்கு என்ன நிறம் பூசுவதென்று மூன்று வருஷமாக முடிவெடுக்க முடியாத சங்கம், ஒரே நிமிஷத்தில் ஒருமனதாகக் கை தூக்கியது. அடுத்து, தலைவராகவும் ப்ரெபெனையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். பொய் சொல்கிற மனிதனோடு காலம் தள்ளப் பழகியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் கணினியைத் திறந்ததும், தாங்கள் யார் என்று உதவியாளர் பணிவாகக் கேட்டது. ஒரு குளிர்காலத்துப் புலம்பல் அத்தனையும் போயிருந்தது. இனிமேல் புலம்பப்போவது யார் பேரில் பதிவாக வேண்டுமென்று யோசித்துவிட்டு, ப்ரெபென் யெஸ்பரின் பெயரைச் சொன்னார்.