அப்பாவின் முகத்தில் ஒரு வெட்டு

எங்கள் ஊர்ப்பக்கத்தில் மரப்பலகையில் படம் செதுக்கி, மை பூசி, தாளில் ஒற்றியெடுத்த முதல் ஆள், பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்த ரீச்சர்தான். அதுவரை படம் என்றால் கலண்டர் முருகன், இல்லாவிட்டால் ஸ்ரூடியோவில் விறைத்துக்கொண்டு நிற்கும் கலியாணச் சோடி. ரீச்சரோ நிலாவெளிக் கடற்கரையில் குந்தியிருந்து, கரைவலை இழுத்துக்கொண்டிருந்த என் அப்பாவைப் பலகையில் நேரே கீறினார். "வேறை ஆள் கிடைக்கேல்லையோ?" என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடத்தில் பலகை செதுக்குகிறார்கள்.

ஒரு பிரதி எங்களுக்கும் தந்தார். அதில் கயிறு அப்பாவின் இடது தோளில் கிடந்தது. அவர் வலது தோளில்தான் எப்போதும் கயிறு போடுவார். "படிச்ச மனிசி, பக்கம் மாத்திக் கீறிப்போட்டா" என்று நான் நக்கலடித்தேன்.

பிறகு கடல் ஊருக்குள் வந்தது. அப்பாவையும் கொண்டுபோனது, வீட்டிலிருந்த படங்களையும் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. இத்தனை வருடமும் அம்மா வெறும் சுவருக்குத்தான் விளக்கு வைத்தார்.

வெளிநாட்டில் மகளோடு இருந்த ரீச்சர் போன மாதம் திரும்பி வந்துவிட்டார், பழைய பலகைகள் அவரிடம் பத்திரமாக இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கே அவர் வீடு இருந்த அன்புவழிபுரத்துக்குப் பஸ் ஏறினேன். ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லலாம், அம்மாவுக்கு ஒரு முகம் கிடைக்கும் என்ற நினைப்பு.

ரீச்சர் அலுமாரியைத் திறந்து பலகையை மேசையில் வைத்தார். நெற்றியிலிருந்து நாடிவரை, அப்பாவின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு.

"ஆர் செய்தது?"

"நான்தான். பத்துப் பிரதி எண்டு சொல்லித்தான் வித்தனான். பத்தும் எடுத்தால் பலகையை வெட்டிப்போட வேணும். பதினோராவதை ஒருத்தரும் எடுக்கக்கூடாது. இந்தத் தொழிலின்ர நேர்மை அது."

"நேர்மையை முகத்திலயோ வெட்டுறது?" என்று கத்திவிட்டேன். வயதுக்குக்கூட மரியாதை வைக்கவில்லை.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். "வெட்டேக்க அவர் உயிரோட இருந்தவர், பிள்ளை. நாளைக்கும் கடற்கரைக்குப் போனால் காணலாம் எண்டுதான் நினைச்சனான்."

குனிந்து பலகையைப் பார்த்தபோதுதான் கண்டேன்: அதில் கயிறு வலது தோளில் இருந்தது. தாளில் ஒற்றும்போதுதான் பக்கம் மாறியிருக்கிறது. ரீச்சர் பிழை விடவில்லை. நான்தான் அத்தனை காலமும் விசர்க்கதை கதைத்திருக்கிறேன்.

"தாளிலும் வெட்டு விழும். பரவாயில்லை எண்டால் ஒண்டு எடுத்துத் தாறன்" என்றார்.

"தாள் வேண்டாம் ரீச்சர். பலகையைத் தாங்கோ."

தந்தார். துணியில் சுற்றிக் கொண்டுவந்து சுவரில் சாத்தினேன். அம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு திருநீற்றை எடுத்து அப்பாவின் நெற்றியில் பூசினார். அது வெட்டுக்குள் இறங்கி, கறுத்த முகத்தில் நாடிவரை வெள்ளைக் கோடாக ஓடியது. அம்மா விரலால் அந்தக் கோட்டை மெல்லத் தடவினார்.

"கடலுக்குள்ள அடிபட்டதோ?"

"ஓம் அம்மா" என்றேன்.