நேஷனாலிட்டி மாப்பிள்ளை

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இளம்பரிதியைத் தெரியாதவர் இல்லை. அவன் எந்தப் போருக்குப் போய் வந்தான் என்று கேட்டவரும் இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா, கையில் பிரெஞ்சு நேஷனாலிட்டி, நாற்பத்திரண்டு வயதாகியும் கல்யாணமாகாதவன். ஊருக்கு இவ்வளவு போதும். அதற்கு மேல் ஒன்று கேட்டால் நாக்கு தேய்ந்துவிடும்.

ஆப்கானிஸ்தானில் அவனுக்கு முன்னால் போன வண்டி, ரோட்டோரம் கிடந்த மூட்டை வெடித்துச் சிதறியது. அதில் இருந்தவர்கள் காலையில் அவனோடு காபி குடித்தவர்கள். அன்றிலிருந்து எங்கே மூட்டையைப் பார்த்தாலும் எதிர்ப்பக்கம் போய்விடுவான். நம்மூரில் குப்பை மூட்டை இல்லாத தெரு ஏது? ஒரு தெருவைக் கடப்பதற்குள் நாலு தரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறுவான். “பிரான்சுல இருந்த ஒடம்பு, நாத்தம் ஆவாது. என்னா சுத்தம் பாரு!” என்று ஜனங்கள் மெச்சினார்கள். மெச்சின கையோடு தங்கள் வீட்டு மூட்டையையும் கொண்டுவந்து தெருவில் வீசினார்கள்.

தூக்கம் இன்னும் மோசம். ஒரு மத்தியானம் சாப்பிடக் கூப்பிடலாம் என்று தோளைத் தொட்ட அக்கா அறிவுமதியின் கழுத்தைக் கண் திறக்காமலே நெரித்துவிட்டான். பக்கத்து வீட்டார் ஓடிவந்து பிரித்தார்கள். அதன் பிறகுதான் டாக்டரிடம் போனான், மாத்திரை எடுக்க ஆரம்பித்தான். தனியாகவே கிடந்து செத்துப்போவோமோ என்று அவனுக்குப் பயம். எல்லாம் தெரிந்து கூட இருக்க ஒருத்தி வேண்டும். சொல்லாமல் மறைத்துத் தாலி கட்டுவதில்லை என்று தீர்மானமாக இருந்தான்.

ரெட்டியார்பாளையத்தில் அக்காவும் தம்பியும் பெண் பார்க்கப் போனார்கள். பெண் கவிநிலா. அவள் அப்பா முருகையன் வாசலிலேயே காத்திருந்து, மாப்பிள்ளையை அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டார். சந்தையில் வாங்கின மாட்டைக்கூட இவ்வளவு பெருமையாக யாரும் ஓட்டிவரமாட்டார்கள்.

“பாரீசுல வீடு எந்தப் பக்கம் மாப்ள?”

பாரீசை அவன் நாலு தடவை பார்த்திருந்தால் அதிகம். அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தான். “ஒண்ணு சொல்லிடணும்ங்க. எனக்கு மனசுக்கு வைத்தியம் நடக்குது. தூக்கத்துல யாராவது தொட்டா அடிச்சிடுவேன். எங்க அக்கா கழுத்தையே நெரிச்சிருக்கேன்.”

அறிவுமதி கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டு, “அது சும்மா வெளையாட்டுக்கு...” என்று இழுத்தாள்.

“வெளையாட்டு இல்லக்கா.”

முருகையன் கடகடவென்று சிரித்தார். “இது ஒரு விஷயமா மாப்ள? மிலிட்டரிக்காரங்கன்னா அப்பிடித்தான். அங்க பெரிய பெரிய டாக்டருங்க இருப்பாங்க, எல்லாம் சரியாப் பூடும்.”

கவிநிலா மட்டும் தலை நிமிர்ந்து, “மருந்து கேக்குதா?” என்றாள்.

இத்தனை வருஷத்தில் வீட்டிலும் வெளியிலும் ஒருவரும் அவனிடம் கேட்காத கேள்வி. அவன் அவள் பக்கம் திரும்பினான். “இப்ப கொஞ்சம்...” என்று ஆரம்பித்தான்.

“நீ உள்ள போம்மா,” என்றார் முருகையன். அவள் போனாள். “விசா எப்ப எடுக்கலாம் மாப்ள?”

“நான் திரும்பிப் போவப்போறதில்லங்க. கருவடிக்குப்பத்துலதான் இருப்பேன்.”

முருகையன் முகம் வாடிவிட்டது. இன்னொரு தரம் கேசரி வைக்க வந்த அவர் மனைவியைக் கண்ணாலேயே நிறுத்தினார். பிறகு மிகுந்த பொறுப்போடு, “பொண்ணோட வாழ்க்கைன்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி. நாங்க யோசிச்சிச் சொல்றோம்,” என்றார். மகள் கழுத்துக்கு வராத யோசனை மகள் விசாவுக்கு வந்துவிட்டது. இப்படியும் ஒரு தகப்பன்!

தெருவுக்கு வந்ததும் அறிவுமதி அழ ஆரம்பித்தாள். “வந்த நல்ல எடத்தையும் கெடுத்துட்டியேடா. அத எதுக்குச் சொன்ன?”

“உன் கழுத்த நெரிச்சத மறைக்கச் சொல்றியாக்கா?”

“அது கெடக்குது, அத யாரு கேட்டா? திரும்பிப் போவமாட்டேன்னு எதுக்குடா சொன்ன?”