இரவல் வாங்கிய நெஞ்சுவலி

போன குளிர்காலம் நடந்தது. நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஆஹென் நகரத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் வருகிற ஒரு சின்ன ஊர். கணவருக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. எனக்கு ஒரு பாலர் பாடசாலைச் சமையலறையில் காலை நேரத்துச் சின்ன வேலை. அதற்கென்று தனியாக மருத்துவக் காப்புறுதி கிடையாது. கணவர் கட்டும் காப்புறுதிக்குள்ளேயே மனைவி என்ற முறையில் நானும் அடக்கம். இத்தனை வருடமாக அதைப்பற்றி ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. சட்டைப்பைக்குள் கைக்குட்டை இருக்கிற மாதிரி அது பாட்டுக்கு இருந்தது.

அந்த நேரம்தான் செய்தியில் ஒரு பேச்சு அடிபட்டது. காப்புறுதியில் பணம் போதவில்லையாம், சீர்திருத்தம் வரப்போகிறதாம், இனிமேல் வீட்டிலிருக்கிற மனைவிமாருக்கும் தனியாகக் கட்ட வேண்டி வருமாம். அது யோசனைதான், சட்டம் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களின் வாட்ஸப்புக்கு வந்து சேருவதற்குள் அது சட்டமாகி, தொடங்கும் மாதமும் குறிக்கப்பட்டு, யாரோ ஒரு அண்ணையின் அடித்தொண்டைக் குரலில் "எல்லாரும் கவனமாயிருங்கோ" என்ற எச்சரிக்கையோடு முடிந்தது.

கணவர் அதை இரண்டு தரம் கேட்டார். பிறகு சாப்பாட்டு மேசையில் இருந்தபடி வாடகை, வெப்பச் செலவு, மகனின் படிப்பு என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, "உமக்கும் கட்டுறதெண்டா எங்களுக்கு ஏலாது" என்றார். எழும்பிப் போய் ஹீட்டரைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வந்தார். அவர் என்னைக் குத்திச் சொல்லவில்லை. ஆனால் இந்த வீட்டில் நானும் ஒரு செலவு என்று அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகப் பட்டது. வெட்கமாக இருந்தது. இரண்டு பிள்ளை பெற்று, இத்தனை வருடம் சமைத்துப்போட்ட பிறகும் ஒரு மனுசிக்கு அப்படி வெட்கம் வருமா என்று கேட்டால், வந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தவள். மண்ணெண்ணெய் நிற்கப் போகிறது என்று காற்றுவாக்கில் ஒரு சொல் விழுந்தால் போதும், கானைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். வீட்டில் இருக்கிறதா, தேவையா என்றெல்லாம் பார்ப்பதில்லை. கிடைக்கிறபோது எடுத்து வை, பிறகு யோசி. அந்தப் புத்தி ஜெர்மனிக்கு வந்து கடவுச்சீட்டு மாறியும் மாறவில்லை. அடுத்த நாளே போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். பல், கண், தோல், எலும்பு என்று எல்லா வைத்தியர்களிடமும் டெர்மின், அதுதான் பார்ப்பதற்கு நாள், எடுத்தேன். ஒரே வருத்தத்துக்கு இரண்டு இடத்தில் எடுத்ததும் உண்டு. ஒன்று தவறினாலும் மற்றது இருக்கட்டுமே.

"முந்தி மண்ணெண்ணெய் பதுக்கினீர், இப்ப டெர்மின் பதுக்கிறீர்" என்று கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கெட்டித்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருதய வைத்தியரிடம் மட்டும் ஒன்றும் வாய்க்கவில்லை. எங்கே கேட்டாலும் கோடைக்குப் பிறகு என்றார்கள். என்னைப் பெற்ற ஐயா இருதய வருத்தத்தில் போனவர். ஆகவே காப்புறுதிக் கார்ட் இலவசமாக இருக்கும்போதே அதையும் ஒருக்கால் பார்த்துவிட்டால் நிம்மதி என்று எனக்கு ஒரே பிடிவாதம். தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போன இடத்தில் ஒருத்தி வழி சொன்னாள். குடும்ப வைத்தியர் அவசரம் என்று எழுதித் தந்தால் உடனே கிடைக்குமாம். அவசரம் என்று எழுதுவதற்கு நான் ஏதாவது அவசரமாகச் சொல்ல வேண்டுமே. என்னத்தைச் சொல்வது?

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் ஒரு அக்கா இருக்கிறார். மன்னார்ப் பக்கம். கணவர் இறந்த பிறகு துப்புரவு வேலையை விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய தையல் கடை போட்டவர். ஜெர்மன்காரருக்குக் காற்சட்டை கட்டையாக்குவார், எங்கள் ஆட்களுக்குச் சாரி பிளவுஸ் தைப்பார். யார் வீட்டுக் கொண்டாட்டம் என்றாலும் முதல் ஆளாக வந்து அடுப்படியில் நிற்பார். அந்தக் கிழமை எங்கள் வீட்டில் ஒரு பிறந்தநாளுக்காக ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தோம். அக்கா நடுவில் கையை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தார்.

கொஞ்ச நாளாகப் படி ஏறினால் தாடை இழுக்கிறதாம். பிறகு இடக்கை விறைக்குமாம், வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருகிற மாதிரி இருக்குமாம், இந்தக் குளிரிலும் வேர்க்குமாம். சொல்லிவிட்டு, வயசு போகுது பிள்ளை என்று சிரித்தார். என் கையெல்லாம் மா. அடுப்பில் எண்ணெய் காய்கிறது. திரும்பியும் பார்க்காமல், "அது வாய்வு அக்கா, இஞ்சித்தண்ணி குடியுங்கோ" என்றேன். அவரும் ஓம் என்று சொல்லிவிட்டு மறுபடி ரோல்ஸ் சுற்றத் தொடங்கினார்.

அடுத்த கிழமை குடும்ப வைத்தியரிடம் போனேன். ஜெர்மன் பெண்மணி, என்னைவிட இளையவர். கதிரையில் உட்கார்ந்ததும் அக்கா சொன்னது முழுவதையும் என்னுடையதாகச் சொன்னேன். கலியாண வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அட்டியலை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போவதில்லையா, அப்படித்தான். படி ஏறினால் தாடை, பிறகு இடக்கை, சத்தி, வேர்வை. வரிசையும் பிசகவில்லை. சொல்லும்போது தாடையைக் கையால் வேறு பிடித்துக் காட்டினேன். அந்தக் கை இப்போதும் எனக்குக் கூசுகிறது.

வைத்தியர் தட்டச்சை நிறுத்தினார். முகம் மாறிவிட்டது. இப்போது வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே எழும்பிக் கதவைத் திறந்து உதவியாளரைக் கூப்பிட்டார். நான் யோசிப்பதற்குள் என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, நெஞ்சில் வயர்களை ஒட்டிவிட்டார்கள். வெளியே காத்திருந்தவர்களிடம் அவசரம், தாமதமாகும், மன்னியுங்கள் என்று உதவியாளர் சொல்வது கேட்டது. ஒரு வயதானவர் அதற்கென்ன, அவரைப் பாருங்கள் என்றார். எனக்குக் காது சுட்டது.

இயந்திரத்திலிருந்து வந்த தாளில் ஒரு பிழையும் இல்லை. சரி, தப்பினேன், இனி அவசரத்தை எழுதித் தந்து அனுப்புவார் என்று நினைத்தேன். அவரோ கட்டிலின் ஓரத்தில் வந்து இருந்தார். என் கையைப் பிடித்தார். இது மட்டும் நன்றாக இருந்தால் போதாது என்றார். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வரும் என்றில்லை, நீங்கள் சொன்ன மாதிரித்தான் வரும், அவர்களே அதைப் பெரிதாக எடுக்க மாட்டார்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள், பிறகு எங்களால் ஒன்றும் செய்ய முடியாமல் போகும் என்றார். உங்களை இப்படியே வீட்டுக்கு விட மாட்டேன், ஆம்புலன்ஸுக்குச் சொல்கிறேன், கணவருக்கு அறிவிக்கட்டுமா என்று கேட்டார்.

நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நீங்கள் சொன்ன மாதிரித்தான் வரும் என்கிறார். நான் எங்கே சொன்னேன்? சொன்னது அக்கா. இந்தச் சொற்களைக் கேட்டு ஒரு வைத்தியர் எழும்பி ஓடுகிறார் என்றால், இந்தச் சொற்களின் சொந்தக்காரி இப்போது தையல் மெசினுக்கு முன்னால் குனிந்து இருக்கிறார். காலையில் படியில் கண்டபோது கையில் பெரிய துணிப் பை வேறு இருந்தது. நான் குட்டன் மோர்கன் சொல்லிவிட்டு அவசரமாக இறங்கி வந்தேன். எதற்கு அவசரம்? இந்தப் பொய்யைச் சொல்வதற்கு.

இத்தனை வருடம் பேசிய ஜெர்மன் அந்த நேரம் எங்கே போனதோ தெரியாது. இது என்னுடைய வலி இல்லை என்றேன். வைத்தியருக்கு விளங்கவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை, சட்டம் மாறினால் எங்களால் கட்ட முடியாது, அதற்கு முதல் பார்த்துவிடலாம் என்று பொய் சொன்னேன், இது எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் ஒரு பெண்ணின் வலி என்று அழுதுகொண்டே சொன்னேன். அழுதது அக்காவுக்காகவா, பிடிபட்டதற்காகவா என்று கேட்டால் நேர்மையாகச் சொல்லத் தெரியவில்லை.

ஏச்சு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். இந்த நாட்டில் ஏசுவதற்கு நல்ல சொற்கள் இருக்கின்றன, அவ்வளவும் எனக்குத் தகும். அவர் ஏசவில்லை. நெஞ்சிலிருந்த வயர்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தப் பெண் இப்போது எங்கே?"

அங்கிருந்தே அக்காவுக்குப் போன் எடுத்தேன். கடையில்தான் நின்றார். வரச் சொன்னால் வேலை கிடக்குது என்றார். நான் விடாமல் நின்றபோது குரல் தணிந்தது. "என்ர கார்ட் செல்லாது பிள்ளை. கன காலமாக் கட்டேல்லை. ஆரிட்டையும் சொல்லிப்போடாத."

சொந்தக் கடை என்பதால் காப்புறுதி முழுவதையும் அவரே கட்ட வேண்டும். கட்டணம் ஏறிக்கொண்டே போக, கடைக்கு வரும் ஆட்கள் குறைந்துகொண்டே போக, ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார். கொண்டாட்டங்களுக்குக் காசு வைத்துக் கொடுக்கும் என்வலப்பை மட்டும் விடவில்லை. அதை விட்டால் சனத்துக்குத் தெரிந்துவிடுமே. எங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கும் கொடுத்தார். நானும் வாங்கி வைத்தேன்.

வைத்தியரிடம் சொன்னேன். கட்டாவிட்டாலும் இப்படிப்பட்ட வலிக்குப் பார்த்தே ஆக வேண்டும், அதுதான் சட்டம், கார்ட்டைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார். அக்கா ஒரு அடியும் நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸுக்குக் கடை விலாசத்தைக் கொடுத்தார். நான் ஜாக்கெட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடினேன். எனக்கு ஓடக் கூடியதாக இருந்தது. நல்ல இதயம்தானே, இப்போதுதானே பார்த்தார்கள்.

அக்கா கடைக்குள் கதிரையில் இருந்தார். முகம் சாம்பலாக இருந்தது. ஆனால் மடியில் ஒரு பிளவுஸ், கையில் ஊசி. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் அவருக்கு நோவைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. "வாசல்ல நிப்பாட்ட வேண்டாமெண்டு சொல்லு, சனம் பாக்கும்" என்றார். அவர்கள் தூக்கிக்கொண்டு போகும்போது கடையைப் பூட்டச் சொல்லித் திறப்பை என் கையில் தந்து, பிளவுஸில் ஊசி நிற்கிறது, கவனம் என்றார்.

இருதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று ஏறக்குறைய அடைத்துப்போயிருந்ததாம். அன்றைக்கே உள்ளே ஒரு சிறு வலை வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். கார்ட்டும் இப்போது வேலை செய்கிறது. விட்ட காசைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதற்கு ஒழுங்கு செய்துகொடுத்தார்கள். முன்னமே போய்க் கேட்டிருக்கலாம். வெட்கத்தில் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பெரிய தண்டனை. பூசை முடிந்து வெளியே நின்ற ஆட்களிடம் எல்லாம் அக்கா என்னைக் காட்டி, இவள்தான் என் உயிரைக் காப்பாற்றினவள் என்று சொல்லத் தொடங்கினார். ஆட்கள் வந்து என் கையைப் பிடித்தார்கள். ஒருவர் புத்திசாலிப் பிள்ளை என்றார். கணவருக்கு உண்மை தெரியும். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று ஞாயிறு பொறுத்தேன். பிறகு ஒரு பின்னேரம் சூப் எடுத்துக்கொண்டு மேலே போய், கதவடியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சிரித்து மன்னித்துவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. சூப்பை வாங்கி மேசையில் வைத்தார்.

"நான் உண்மையாச் சொல்லேக்க நீ இஞ்சித்தண்ணி குடிக்கச் சொன்னனி" என்றார். "நீ பொய்யாச் சொல்லேக்க அந்த மனுசி எழும்பி ஓடினவ, என்ன?"

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? உள்ளே வா, குளிர் என்றார். இருவருமாக அந்தச் சூப்பைக் குடித்தோம். அந்தக் கதையை அவர் பிறகு எடுக்கவில்லை. பூசையில் என்னைக் காட்டிப் பேசுவதும் நின்றுவிட்டது.

பதுக்கி வைத்திருந்த டெர்மின்களை ஒவ்வொன்றாகப் போன் செய்து விட்டுக்கொடுத்தேன். ஒரு இடத்தில், நன்றி, இதற்காகவே ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். அந்தச் சட்டத்தைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வந்தால் எப்படிக் கட்டப் போகிறோம் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தப் பயம் போகவில்லை. ஆனால் இப்போது யாராவது வேலைக்கு நடுவில் கையை நிறுத்திவிட்டு ஒரு நோவைச் சொன்னால் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துவிடுகிறேன். அக்கா அன்றைக்குச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் பிசகாமல் ஞாபகம் வைத்திருந்த எனக்கு, அதைச் சொன்ன முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லையே என்பது சாகும்வரை தீராத வெட்கம்.