ஒரே இரவுக்கு மூன்று ஊரில் அறை

தங்கப் போவது ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த நாலாம் நாள் இரவு ஒன்றுதான். அந்த ஒற்றை இரவுக்கு சாய்ந்தமருது சுபைறா மூன்று ஊர்களில் அறை பிடித்து வைத்திருந்தாள். நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டல், எல்லவில் பலகையால் கட்டிய ஒரு பங்களா, பண்டாரவளையில் ஒரு குடும்பம் தன் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு விடும் மூன்று அறைகள். போகிறவர்கள் பதினொரு பேர். மூன்றில் இரண்டு இடங்களில் விரித்த படுக்கை விரித்தபடியே கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

பேராசை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். பயம்தான் காரணம்.

சுபைறாவுக்கு ஐம்பத்து நாலு வயது. கல்முனையில் ஓர் அரச அலுவலகத்தில் இருபத்தேழு வருடமாக எழுதுவினைஞர். சொந்தத்தில் யார் பயணம் போவதென்றாலும் வான் பேசுவது முதல் சாப்பாடு கட்டுவது வரை அவள் பொறுப்பு. யாருக்கு வளைவுப் பாதையில் வயிற்றைப் பிரட்டும், யாரை முன் சீட்டில் இருத்த வேண்டும், எந்த ஊரில் பெண்கள் முகம் கழுவ நல்ல இடம் உண்டு என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் இந்தப் பயணத்தில் புதிதாக ஒருத்தி வருகிறாள். மகள் அம்ஹாவின் மாமியார் ஷாஹினா, சுபைறாவுக்கு மச்சி முறை.

அம்ஹாவுக்குக் கலியாணமாகி மூன்று மாதம். மாப்பிள்ளை பஹ்மி மருதமுனைக்காரன், தங்கமான பிள்ளை. அந்தப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். பெற்றவள் மகனை அனுப்பிவிட்டுத் தன் கண்ணையும் கூடவே அனுப்பிவைப்பாள். அவனுக்கு அங்கே என்ன மரியாதை நடக்கிறது என்று பார்க்க வேண்டுமல்லவா? அதிலும் ஷாஹினாவின் குடும்பம் தறி போட்டு சாரம் நெய்விக்கிற குடும்பம். நூலில் முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று தேடித் தேடிப் பழகிய கண் அது. கலியாணப் புரியாணியைத் தின்றுவிட்டு, "நல்லா இரிக்கு, உப்பை மட்டும் பாத்திருக்கலாம்" என்றவள். அந்த உப்பு சுபைறாவின் மனதில் மூன்று மாதமாகக் கரையாமல் கிடந்தது.

ஆகவே இந்தமுறை சறுக்கக்கூடாது. ஓர் இடத்தில் ஏதும் குறை தெரிந்தால் இன்னொன்று கையில் இருக்க வேண்டும், அதுவும் சரிவராவிட்டால் மற்றொன்று. அவளுடைய கணவர் அப்துல் ஸமட் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூன்று இடம் என்று கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மகளுக்கு மாப்பிள்ளை பேசக்குள்ள ஒரு இடத்துக் கதை முடியாம அடுத்த இடத்து வாசலை மிதிக்கல்ல நாம. இதுக்கு மட்டும் என்ன?"

"அது மனிசர்ர விசயம்" என்றாள் சுபைறா. "இது கட்டில்தானே."

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பருக்குள் போய்விட்டார். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் எந்த இடத்தில் வாயை மூடுவது என்று அவர் நன்றாகவே படித்திருந்தார்.

ஒரு கிழமையாகக் குடும்ப வட்ஸ்அப்பில் படங்கள் பறந்தன. எல்லவில் ஏணிபோலச் செங்குத்தான படி. ஷாஹினாவின் முழங்காலுக்கு ஆகாது. பண்டாரவளைப் படங்களில் ரோசாப்பூப் போட்ட படுக்கை விரிப்பும், ஜன்னலுக்கு வெளியே கொடியில் காயும் உடுப்பும்தான் தெரிந்தன. யாரும் அதைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. நுவரெலியா ஹோட்டலிலோ கண்ணாடிச் சுவர் வைத்த சாப்பாட்டு மண்டபம், அதற்கப்பால் ஏரி. ஷாஹினா உயர்த்திய பெருவிரல் படம் மூன்று அனுப்பினாள். காரியம் முடிந்தது.

இனி மற்ற இரண்டையும் விட வேண்டும். எல்ல பங்களாவை ஃபோனில் பார்த்துத்தான் பிடித்திருந்தாள், ஃபோனிலேயே விட்டாள். நிச்சயமாக ரத்துச் செய்யவா என்று அது கேட்டது, ஓம் என்று தட்டினாள். யாருடைய முகமும் வாடியதை அவள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பண்டாரவளைக்கு அப்படித் தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அங்கே கிருசிகா இருந்தாள்.

கிருசிகா சாய்ந்தமருதுக்குக் கிட்டடியில், தமிழர் ஊரான வீரமுனையில் பிறந்தவள். பண்டாரவளையில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டு அந்தக் குளிருக்குள் போய்ச் சேர்ந்தவள். சுபைறாவின் அலுவலகத்தில் வேலை செய்யும் சுதன், தன் மச்சாள் வீடு என்று சொல்லி இலக்கம் கொடுத்திருந்தான். முதல் நாள் பேசியபோதே அவளுக்கு ஒரே சந்தோசம். எங்கட பக்கத்து ஆக்கள் வந்து நான் பார்த்ததே இல்லை, உங்கட கதையைக் கேக்கவே ஊரில இருக்கிற மாதிரி இருக்கு, முற்பணமெல்லாம் என்னத்துக்கு, சொன்னால் போதும் என்று அரை மணித்தியாலம் கதைத்தாள். அலுவலகத்தில் எத்தனையோ பேரின் கோபத்தைத் தாங்கியவள் சுபைறா. இந்தச் சந்தோசத்தை எப்படி உடைப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அறையை விடுவதென்று நினைத்துத்தான் ஃபோன் எடுத்தாள். அந்தப் பக்கம் ஏதோ தாளிக்கிற சத்தத்துக்கு நடுவில், வாறீங்கதானே ராத்தா என்று, சோனக வழக்கில் அக்கா முறை வைத்து, கிருசிகா முந்திக்கொண்டாள். சுபைறாவின் வாய் தன்பாட்டில் திறந்தது.

"இன்ஷா... அல்லாஹ். பார்ப்பம்."

இந்தச் சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அல்லாஹ் நாடினால் என்பது அதன் பொருள். நாளைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு வாறன், இன்ஷா அல்லாஹ் என்று நாளும் நேரமும் முன்னே போய் அல்லாஹ்வின் பேர் பின்னே வந்தால், அது வாக்கு. உயிர் இருந்தால் ஆள் வரும். ஆனால் நாளும் இல்லாமல் நேரமும் இல்லாமல் நடுவில் இழுபட்டு, வாலில் ஒரு பார்ப்பமும் ஒட்டிக்கொண்டால், எங்களை எதிர்பார்க்க வேண்டாம் என்று அர்த்தம். சாய்ந்தமருதில் சின்னப்பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் காதில் விளங்கும். இப்படிப் பாவிக்கிற சொல்லா இது என்று மௌலவிமார் கண்டிக்கத்தான் செய்கிறார்கள். கேட்டுத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, அடுத்த கூட்டத்துக்கும் வருவீர்களா என்றால், இன்ஷா... அல்லாஹ், பார்ப்பம் என்கிறது சனம். சுபைறா அந்த இழுவையில் கைதேர்ந்தவள்.

நான்கு நாள் கழித்துக் கிருசிகாவே எடுத்தாள். பிள்ளைகளுக்கு உறைப்பு ஆகுமா என்று கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சுபைறா மறுபடியும் அதே சொல்லை, இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லி வைத்தாள். இனி விளங்கியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பயண நாளன்று விடியற்காலைச் சுபஹு தொழுத கையோடு வான் புறப்பட்டது. பொத்துவில், மொனராகலை எல்லாம் கடந்து வெல்லவாயவில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். இனி மலை. எல்ல, பண்டாரவளை, பிறகுதான் நுவரெலியா. ஷாஹினா நல்ல குணத்தில் இருந்தாள். கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்துக்குக் கொத்திய சம்பலைத் தின்றுவிட்டு உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுபைறாவுக்கு மூன்று மாதத்தில் முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது. அப்போது ஃபோன் அடித்தது. கை முழுக்கச் சம்பல் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

கிருசிகாதான். எந்த இடத்தில் வருகிறீர்கள் ராத்தா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கும் நிற்காமல் சொல்லிக்கொண்டே போனாள். தன் வீட்டில் யாரும் பன்றி தின்பதில்லைதான், என்றாலும் வருகிறவர்களுக்கு மனதில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று புதுச் சட்டி இரண்டும் கரண்டியும் வாங்கியிருக்கிறாள். பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கடையில் அறுத்த கோழி வாங்கியாயிற்று. அந்தக் கடைக்காரரிடமே, தொழுகைக்குத் திரும்பி நிற்கிற கிப்லா எந்தப் பக்கம் என்று விசாரித்து மூன்று அறைச் சுவரிலும் பென்சிலால் அம்புக்குறி போட்டிருக்கிறாள். லீவு நாள் என்றபடியால் இரண்டு குடும்பம் வந்து கேட்டது. எங்கட ஊர் ஆக்கள் வருகிறார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

தேத்தண்ணிக் கடை மேசையைச் சுற்றி இருந்த பத்துப் பேரும் சுபைறாவைப் பார்த்தார்கள். ஷாஹினாவும்தான். சுபைறாவுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"நான் இன்ஷா அல்லாஹ் எண்டுதானே புள்ள சொன்னன்" என்றாள் மெல்ல.

"ஓம் ராத்தா, அதாலதான்" என்றாள் கிருசிகா. "எங்கட வயலுக்கு மேல்வயல் அபூசாலி காக்காட. விடிய மடை திறந்து விடுறன் தம்பி, இன்ஷா அல்லாஹ் எண்டு அப்பாட்டச் சொன்னாரெண்டா, விடியக்குள்ள எங்கட வரம்புக்குள்ள தண்ணி நிக்கும். ஒருநாளும் பிழைச்சதில்ல. நீங்க ரெண்டு தரம் சொன்னீங்க. பிறகு நான் என்னத்தக் கேக்க?"

இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வான் பழுது, பிள்ளைக்குக் காய்ச்சல், எதையும் சொல்லலாம். ஆனால் புதுச் சட்டியும் சுவரில் பென்சில் கோடும் கண்ணுக்குள் நின்றன.

"தங்கச்சி, மன்னிச்சிக்க. வரமாட்டம் எண்டுதான் நான் அந்தச் சொல்லைச் சொன்னன். எங்களுக்குள்ள அது அப்படி ஒரு கதை. உனக்கு விளங்கும் எண்டு நினைச்சிட்டன். நாங்க நுவரெலியாவுக்குப் போறம்."

அந்தப் பக்கம் சட்டி ஒன்றை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"வரமாட்டம் எண்டா வரமாட்டம் எண்டே சொல்லியிருக்கலாமே ராத்தா" என்றாள் கிருசிகா. "நான் கோவிச்சிருக்க மாட்டன்." பிறகு, கவனமாகப் போங்கள், மலையில் பனி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். சுபைறா கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். அப்துல் ஸமட் கட்டிலையும் மனிசரையும் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் சொல்லவில்லை. தன் கைலேஞ்சியை நீட்டினார். அவள் துடைத்துக்கொண்டு ஷாஹினாவின் பக்கம் திரும்பினாள். சம்மந்தியிடம் குறையில்லாமல் பேர் வாங்குவதற்கென்றே தொடங்கிய பயணம். அந்தப் பேரை இப்போது தன் வாயாலேயே போட்டு உடைக்க வேண்டும்.

"மச்சி, பிழை என்டதான். ஹோட்டலை விட்டுட்டு அந்தப் புள்ளட வீட்டில இறங்குவமா எண்டு கேக்கிறன். கண்ணாடியும் இல்ல, ஏரியும் இல்ல."

ஷாஹினா தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். அவசரப்படுகிற மனுசி இல்லை.

"கோழி வாங்கிட்டாவாமே" என்றாள். "பிறகென்ன கேள்வி?" எழுந்து முந்தானையைச் சரிசெய்தவள் ஒரு கணம் நின்றாள். "ஆனா மச்சி, கலியாணம் பேசின காலத்தில நீங்க எனக்கு எத்தின தரம் இன்ஷா அல்லாஹ் சொன்னீங்க எண்டு இப்பதான் எண்ணிப் பாக்கிறன்."

எல்லோரும் சிரித்தார்கள். பஹ்மி அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தான். சுபைறாவுக்கும் சிரிப்பு வரத்தான் செய்தது, ஆனால் அவள் கண் கையிலிருந்த ஃபோனிலேயே இருந்தது.

பஹ்மி ஹோட்டலுக்கு எடுத்தான். ஒரு பெண் பதிவு இலக்கத்தைக் கேட்டு, பிந்தி ரத்துச் செய்வதற்குரிய காசைப் பிடித்துக்கொள்வோம் என்று சொல்லி, நன்றி சொல்லி வைத்தாள். இரண்டு நிமிட வேலை. அங்கே யாரும் இவர்களுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை.

வான் ஹோன் அடித்துக் கூப்பிட்டது. சுபைறா கடை ஓரமாக ஒதுங்கி நின்று பண்டாரவளைக்கு எடுத்தாள். மணி நெடுநேரம் அடித்த பிறகே கிருசிகா எடுத்தாள். அழுதிருந்தாளோ என்னவோ, குரல் அடைத்திருந்தது.

"புள்ள, நாங்க வாறம். பதினொரு பேரும் வாறம்."

"ராத்தா" என்றாள் கிருசிகா. அவள் குத்திக் கேட்கவில்லை. ஒரு பாஷையில் தெரியாத சொல்லுக்குப் பொருள் கேட்பவள் போலத்தான் கேட்டாள். "இது வாறமா, இன்ஷா அல்லாஹ்வா?"

வீரமுனைப் பிள்ளை ஒருத்தியின் காதில் அபூசாலி காக்கா எத்தனையோ போகம் மடை திறந்து திறந்து சேர்த்து வைத்த சொல். தான் இரண்டே ஃபோனில் அதை இந்த நிலைக்குக் கொண்டு வந்துவிட்டது அவளுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. இனி நடக்க இருப்பதை அந்தச் சொல் இல்லாமல் சொல்லக்கூடாது என்று சிறுவயதிலேயே பழகிய வாய் அவளுடையது. சொன்னால் இந்தப் பிள்ளை நம்பாது.

அந்தச் சொல்லை அவள் வாய்க்குள்ளேயே, அல்லாஹ்வுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக்கொண்டாள். கிருசிகாவுக்குக் கேட்கும்படி, "உன்ட வாசல் கேற்றடிக்கு வந்து சொல்றன் புள்ள" என்றாள்.