சித்தி சாப்பிடாத கதைகள்

எங்கள் வீட்டில் கதைகளுக்கு மார்க் போட ஒரு முறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குச் சித்தி அப்பாவின் புதுத் திகில் கதையைப் படிக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பத்து வாய்க்கு மேல் சாப்பிட்டுவிட்டால் கதை தேறாது. ஐந்து வாய் என்றால் பரவாயில்லை. மூன்றாவது வாயோடு கை கழுவ எழுந்து போனால் அப்பாவுக்குத் தலைகால் புரியாது. அதற்கப்புறம்தான் நாங்கள் சாப்பிட ஆரம்பிப்போம், நன்றாகவே சாப்பிடுவோம்.

அப்பாவுக்கு லாரி எடைமேடையில் வேலை. லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும், எண்ணைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். இரண்டு லாரிகளுக்கு நடுவே பழைய சீட்டுகளின் முதுகில் கதை எழுதுவார். பத்திரிகைகளில் வருஷத்துக்கு ஏழெட்டு வந்துவிடும். தெருவில் அதற்கென்று ஒரு மரியாதை. ஆனால் மனிதர் எதற்குமே பயப்படாத பிறவி. அதுதான் அவருக்குத் தொல்லை. எந்த வரியில் ஒருத்தருக்குக் குலை நடுங்கும், எந்த வரியில் கொட்டாவி வரும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அப்படிப்பட்டவர் வீட்டுக்குச் சித்தி வந்து சேர்ந்தது அவருக்கு அடித்த யோகம்.

சித்தி அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததும் பத்தொன்பது வயதில் ஒரு பெட்டியோடு எங்களிடம் வந்தவள். பயந்தாங்கொள்ளி. காற்றில் கதவு சாத்திக்கொண்டால்கூட முகம் வெளுத்துவிடும். முதல் தடவை அப்பா விளையாட்டாகத்தான் கதையைக் கொடுத்தார். அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாமல் குளித்தாள். அப்பா அதை ஒரு நோட்டில் குறித்துவைத்துக்கொண்டார்.

"எனக்கு வேணாம் மாமா, படிச்சா ஒரு மாதிரி இருக்கு" என்று அடுத்த தடவை சொல்லிப் பார்த்தாள்.

அதற்கு அம்மாதான் பதில் சொன்னாள். "நீ இங்க வந்து இருக்க, அவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்காரா? இது ஒண்ணுதான் கேக்குறாரு. படிச்சா குறைஞ்சா போயிடுவ?"

சித்தி படித்தாள். பதினோரு வருஷம் படித்தாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் கதைகளைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். சித்தி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்ன அளவுக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு கதையில் தன் சட்டைகளுக்கெல்லாம் மனைவி உள்பக்கம் ரகசியமாக ஒரு பை தைத்துவைத்திருப்பதைக் கணவன் கண்டுபிடிப்பான். கடைசியில் அந்தப் பைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வரும். சித்தி சொன்னாள்: "கை வந்ததும் பயம் போயிடுச்சு மாமா. அது வரைக்கும் பை காலியா இருந்துது பாருங்க, அதுதான் தாங்கல." அப்பா கையை வெட்டிப் போட்டுவிட்டுப் பையைக் காலியாகவே விட்டார். பத்திரிகை ஆசிரியர் கடிதம் போட்டுப் பாராட்டினார். இன்னொரு கதையில் செத்துப்போனவள் வீடு திரும்புவாள். "அவ வந்தது ஒண்ணும் பெரிசில்ல. வீட்டுல ஒருத்தருமே ஏன் வந்தேன்னு கேக்கலையே, அதை நெனச்சாத்தான் வயித்தப் பெரட்டுது" என்றாள். அது இரண்டு வாய்க் கதை. அவள் சொன்னதையெல்லாம் அப்பா தன் மூளையில் உதித்ததாகவே மேடைகளில் சொல்லிக்கொண்டார், நாங்களும் கை தட்டினோம்.

நான் அவளைப் படுத்திய பாடும் கொஞ்சமில்லை. அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மெதுவாகச் சுரண்டுவேன். அவள் அலறினால் அப்பா அறைக்குள்ளிருந்து, "என்ன பண்ணின, எப்படிப் பண்ணின?" என்று ஆசையாகக் கேட்பார். அந்தக் கேள்விக்காகவே செய்தேன். அப்பா என்னிடம் வேறு எதையும் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

சித்தி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளுக்குச் சீட்டுப் போடும் கவுன்ட்டரில் இருந்தாள். ஆறு வருஷமாகத் தற்காலிகம். ஜன்னல் துவாரத்துக்கு அந்தப் பக்கம் நூறு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். இவள் பேர், வயசு, என்ன உபாதை என்று கேட்டு எழுதிக்கொண்டிருப்பாள். அந்தக் கூச்சல் அவளுக்குப் பிடிக்கும். கூட்டத்துக்கு நடுவில் பயம் வராது என்பாள்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அவளுக்கு நிரந்தர வேலை ஒன்று கூடிவந்தது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் பழைய கேஸ் கட்டுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ரூம். அதற்கு அவள்தான் பொறுப்பு. வேலையோடு ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் இரண்டு அறை உள்ள குவார்ட்டர்ஸ். சாவி அவள் பேரில். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று சித்தி சமையலறையில் நின்றுகொண்டு ஜன்னல் எந்தப் பக்கம், துணி எங்கே காயப்போடலாம் என்று கையால் காற்றில் வரைந்து வரைந்து காட்டினாள். அவள் அவ்வளவு பேசி நாங்கள் பார்த்ததில்லை.

"கீழ தனியா இருக்கணுமே, உன்னால முடியுமா?" என்றாள் அம்மா.

"முடியும்க்கா. ராக்கு ராக்கா கட்டு. மேல தண்ணிக் குழா ஓடுது. லைட்டு நல்லா இருக்கு. வெறும் காகிதம்தானே!"

அப்பா எத்தனை ராக்கு, குழாய் எந்தப் பக்கம் போகிறது, கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சித்தி வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சித்தி போய்விட்டால் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி.

வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய ஞாயிறு, அப்பா கதையை நீட்டினார். ரெக்கார்டு ரூமில் வேலை பார்க்கும் ஒருத்தியின் கதை. கடைசி ராக்குக்குப் பின்னாலிருந்து மூன்று தட்டு கேட்கும். பின்னால் சுவர்தான், ஆள் நிற்க இடமே கிடையாது. தினமும் மூன்று தட்டு. ஒரு நாள் அவள் பதிலுக்குத் தட்டிவிடுவாள். அன்றிலிருந்து அங்கே சத்தம் நின்றுபோகும். அவள் வீட்டுக்குப் போவாள், வீட்டுச் சுவரில் கேட்கும். அவ்வளவுதான். அப்பா எழுதியதிலேயே அதுதான் நல்ல கதை. வேண்டுமென்றே செய்தார் என்றாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சித்தி படித்து முடித்தாள். தாள்களை மடித்து வைத்தாள். தட்டு வந்தது. முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடுக்கா" என்றாள்.

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க மாமா. ஆனா எனக்குப் பயமா இல்ல" என்றாள் சித்தி. "அங்க சத்தம் வந்தா எலின்னு நெனச்சுக்குவேன். அது என்னோட ரூமு."

அப்பா அன்று சாப்பிடவில்லை. வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் தோள் தொங்கிப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குச் சித்தி மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாளே, என்ன திமிர் இவளுக்கு என்று நினைத்தேன்.

மறுநாள் பள்ளி விடுமுறை. "வா குட்டி, என் ரூம வந்து பாரு" என்று சித்தி என்னையும் கூட்டிப் போனாள். இருவருக்கும் டப்பாவில் சாப்பாடு, எனக்கு ஒரு ஸ்பூன். ஆஸ்பத்திரி அலுவலகத்தின் சூப்பிரண்டு, கண்டிப்பான ஆள், சாவியைக் கொடுக்கும்போதே சொன்னார்: "இதுக்கு முன்னாடி ரெண்டு ஆம்பளைங்க ஓடியிருக்காங்க. மூணாவதா ஒரு ஓட்டத்த நான் பாக்க மாட்டேன். இன்னிக்கு ஒரு நாள் பாக்குறேன், சாயங்காலம் கையெழுத்துப் போடுறேன்."

"நான் ஓட மாட்டேன் சார்" என்றாள் சித்தி.

கீழே இறங்கினோம். அவள் சொன்னது போலத்தான் இருந்தது. நல்ல வெளிச்சம், வரிசையாக இரும்பு ராக்குகள், நாடா போட்டுக் கட்டிய கட்டுகள், தலைக்கு மேலே குழாய். பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை. சித்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தூசி தட்டினாள். கீழே கிடந்த கட்டுகளை வருஷவாரியாகப் பிரித்தாள். வாயில் ஏதோ பாட்டு. மதியத்துக்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது. பிறகு ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு கடைசி ராக்கை நோக்கிப் போனாள்.

நான் இரண்டு வரிசை தள்ளி, குழாய் சுவரோரமாகக் கீழே இறங்கும் இடத்தில் இருந்தேன். கையில் ஸ்பூன் இருந்தது. குழாயில் மூன்று தட்டுத் தட்டினேன்.

பாட்டு நின்றது.

"குட்டி? நீயா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

"குட்டி, நீதானேடா? சொல்லிடு."

அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து பயமுறுத்தும்போது நான் கேட்ட குரல் இல்லை அது. நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு அவள் வேலையைத் தொடர்ந்திருப்பாள். நான் மறுபடியும் மூன்று தட்டினேன்.

கட்டு விழுந்தது. அவள் ஓடினாள். செருப்பு ஒன்று படியில் கழன்று கிடந்தது. மேலே அலறல் கேட்டது, ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்பூனை டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

அப்போது அவள் திரும்பி வந்தாள். நான் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்து திரும்பி வந்தாள். பயத்தில் புடவை நனைந்திருந்தது, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கி வந்து, பன்னிரண்டு வயசுக் கழுதையான என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினாள். என் காதுக்குள் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். நான் அழுதேன். மாட்டிக்கொண்டு விடுவேன் என்ற பயத்தில் அழுதேன்.

கவுன்ட்டர்க்காரர்கள், நர்சுகள், சீட்டுக்கு நின்ற நூறு பேர் எல்லோரும் அவள் நனைந்த புடவையைப் பார்த்தார்கள். சூப்பிரண்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் குனிந்தார்.

"நீ அங்கதானே பாப்பா இருந்த? ஏதாவது சத்தம் கேட்டுதா?"

சித்தி என் முகத்தையே பார்த்தாள். அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை.

"இல்ல சார். எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அவர் கையை நீட்டினார். சித்தி சாவியைக் கொடுத்தாள். ரெக்கார்டு ரூமும் குவார்ட்டர்ஸும் அடுத்த வாரமே வேறொருவருக்குப் போயின. நரம்புக் கோளாறு என்று பெயராகிவிட்டது. கொஞ்ச நாளில் கவுன்ட்டரிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள்.

அப்பா அந்தக் கதையை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அனுப்பினார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த கதை அதுதான். வீட்டுக்கு வரும் வாசகர்களிடம், "இதைப் படிச்சிட்டு ஒருத்தி வேலையையே விட்டா தெரியுமா? இதோ, இவதான்" என்று சித்தியைக் கூப்பிட்டுக் காட்டுவார். "சொல்லும்மா." சித்தி முந்தானையைத் திருகிக்கொண்டு, "ஆமாங்க. மூணு மூணா ரெண்டு தடவை. நான் கேட்டேன்" என்பாள். வந்தவர்கள் சிலிர்த்துப்போய்க் காபியைக் குடிப்பார்கள். நான்தான் காபி கொண்டுவந்து கொடுப்பேன்.

அப்பாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். சித்திக்கு இப்போது அறுபது. என்னோடுதான் இருக்கிறாள். எந்த அறைக்குள்ளும் அவள் முதலில் நுழைவதில்லை. யாராவது போன பிறகுதான் போவாள். சுவரை ஒட்டி எதையும் வைக்க விடமாட்டாள். கட்டில், பீரோ எல்லாம் எங்கள் வீட்டில் அறை நடுவில் நிற்கின்றன.

போன மாதம் மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். சொல்லிவிட்டேன்.

"சித்தி, அன்னிக்குத் தட்டினது நான்தான். ஸ்பூனால குழாயில தட்டினேன். நீங்க கூப்பிட்டீங்க, நான் வேணும்னே பேசாம இருந்தேன். அந்த ஆளுகிட்டயும் பொய் சொன்னேன்."

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் இருந்தது. என் கன்னத்தைத் தொட்டாள்.

"உங்கப்பா, உங்கம்மா, அந்த சூப்பிரண்டு, ஒருத்தருகூட என் மனசு ஆறுற மாதிரி ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீதான், உன் மேலயே பழியப் போட்டுக்கிட்டுச் சொல்ற" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"பழி இல்ல சித்தி. நெஜம்."

"சரிடா, சரி. குழந்தை நீ, என்னைக் கட்டிக்கிட்டு அன்னிக்கு அழுத அழுகைய நான் மறப்பேனா? உனக்கு அந்த மாதிரி மனசு கிடையாது. எனக்குத் தெரியாதா உன்னை?"

மறுபடியும் சொன்னேன். எந்த ராக்குக்குப் பக்கத்தில் நின்றேன், எந்தக் கையால் தட்டினேன் என்பது வரைக்கும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல மனசு நீதான் என்று சொல்லிவிட்டு, மடித்த துணிகளை என் கையில் கொடுத்து, படியில் என்னை முன்னால் இறங்கச் சொன்னாள்.