விரிசலுக்கு வைத்த பெயர்

லான்பெரிஸ் என்ற மலையூரில் தபால் கொடுக்கும் மெரிக்குக்கு நாற்பத்தெட்டு வயது. ஊருக்கு மேலே உள்ள கரும்பாறையில் யாரும் ஏறி முடிக்காத ஒரு விரிசல் உண்டு. பதினொரு வருஷமாக அவன் அதில் ஏறுவதும் விழுவதுமாக இருந்தான். கயிற்றில் தொங்காமல் முதலில் ஏறி முடிப்பவர்தான் அந்த வழிக்குப் பெயர் வைப்பார்; அது பாறையேறிகளின் கையேட்டில் அச்சாகும். மெரிக்குக்கு உலகத்தில் வேண்டியதெல்லாம் அந்த ஒரு வரிதான்.

மூன்று வருஷமாக அவனுக்குக் கயிற்றுத் துணை ஹெலெத். பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள், இருபத்தாறு வயது. அவன் மூச்சிரைத்து ஏறுகிற இடத்தில் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போவாள். பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறெரியும். வாய் மட்டும் "பிரமாதம்" என்று சொல்லும்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவளே கேட்டாள்.

"மெரிக், உங்க விரிசல்ல நான் ஒரு தடவை ஏறிப் பாக்கட்டுமா? வேணாம்னா சொல்லிடுங்க, தப்பா நெனைக்க மாட்டேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. வேண்டாமென்றால் ஊர் சிரிக்கும். ஆனால் அவனுக்கு ஒன்று தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்பு தனியாக பிரஷ்ஷோடு பாசி சுரண்டப் போனபோது, விரிசலுக்கு மேலே உள்ள திட்டில் ஒரு வல்லூறு அடைகாத்திருந்தது. அவனை விரட்டு விரட்டென்று விரட்டியது. கூட்டைப் பார்த்தவர் உடனே பாறையேறிகள் சங்கத்தில் சொல்லவேண்டும். குஞ்சுகள் பறக்கும்வரை யாரும் பாறையைத் தொடக்கூடாது. பாறையை மூடிவிடுவார்களே என்று அவன் நாளைக் கடத்தியிருந்தான்.

"இதுக்கெல்லாமா கேப்பாங்க? தாராளமா ஏறு, பொண்ணே!" என்றான். மிச்சத்தைப் பறவை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தான்.

கீழே நின்று கயிறு பிடித்தான். அவன் பதினொரு வருஷம் விழுந்த இடத்தை அவள் ஒரே மூச்சில் தாண்டினாள். எங்கே போய்த் தொலைந்தது அந்தச் சனியன் என்று வானத்தைப் பார்த்தான்.

வந்தது. அவள் தலை திட்டை எட்டியபோது கல் விழுவதுபோல் வந்து அவள் ஹெல்மெட்டில் அடித்தது. ஹெலெத் விழுந்தாள். கயிறு அவனையும் தரையிலிருந்து தூக்கியது; ஆனாலும் அவன் பிடியை விடவில்லை. பாறையில் மோதி அவள் கணுக்கால் வீங்கிவிட்டது. வெட்கக்கேடுதான், ஆனாலும் அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி.

கீழே இறங்கியவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மேல மூணு முட்டை இருக்கு. பக்கத்துல உங்க மஞ்சள் பிரஷ் கெடக்கு."

"அது பழசா இருக்கும்."

"போன மாசம் நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

நொண்டிக்கொண்டே போய் அவள்தான் சங்கத்தில் சொன்னாள். பாறை மூடப்பட்டது.

ஜூலைக் கடைசியில், குஞ்சுகள் பறந்தபின், அவள் விரிசலை இரண்டாவது முயற்சியிலேயே ஏறி முடித்தாள். கயிறு பிடித்தது வேறொருவர். செய்தி கேட்ட அன்று மெரிக் இரண்டு தெருவின் கடிதங்களை மாற்றிப் போட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை மாலை மதுக்கடையில், கையேட்டுக்குக் குறிப்பெடுக்கும் பிரின் அவள் தந்த தாளைச் சத்தமாக வாசித்தார்.

"பேரு, 'மெரிக் சொல்லவில்லை.' இதென்ன பேரு? யோவ் மெரிக், நீ என்னத்தச் சொல்லல?"

கடை முழுக்க அவன் பக்கம் திரும்பியது. ஹெலெத் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இப்பவாவது சொல்லுங்க, மெரிக்."